கலங்கலின் ஓரம்

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள்.
மலையில் பெய்த மழை கால்வழி இறங்கி
ராத்திரியே குளத்துக்குள் வந்துவிட்டதென்று
உச்சிமாகாளி போன் பண்ணினார்.
"ரெண்டடி ஏறியிருக்கு, வெரசா வாரும்."
மீன்பாசிக் குத்தகைக்குக் காவல் அவர்.
ஒரு ராடுக்கு ஐம்பது ரூபாய்,
ரசீது கிடையாது.

ஆறு நாள் கம்பம் ஏறுகிறவன் நான்.
ஏழாம் நாளும் கையில் ஒரு லைன்தான்.
இதில் கரண்டு
அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

புரட்டாசியில் இந்தக் குளத்தில்
வெயிலைத்தான் பிடிக்கலாம்.
மடைக்கு முன்னால் பள்ளத்தில்
விரால் சேற்றோடு சேறாய்ப் படுத்திருக்கும்,
எதைக் காட்டினாலும் எழாது.
இப்போதோ
ஆடு மேய்ந்த இடமெல்லாம் முழங்கால் தண்ணீர்.
உடைமரங்கள் இடுப்பளவு நனைந்து நிற்கின்றன.
புல்லடியில் குடியிருந்த பூச்சியெல்லாம்
வீடு விட்டு மிதக்கிறது.
பள்ளத்து ஆள்
பந்திக்கு வந்திருப்பார்.

எபனேசர் மூலைக்கரைப்பட்டியில் லேத் வைத்திருக்கிறார்.
டப்பா நிறைய ரப்பர் தவளை.
கலங்கலுக்குக் கறுப்பு என்பது அவர் கட்சி:
வானத்துக்கு எதிரே கறுப்புத்தான்
கீழிருந்து பார்க்கிறவனுக்குத் துலங்கும்.
நான் மறுத்ததில்லை.
கம்பத்து உச்சியில் நானும்
அப்படித்தான் தெரிவேன்.

கொண்டல் அடித்தது.
நுரை, வைக்கோல், ஒற்றைச் செருப்பு
எல்லாம் மேலோரத்தில் ஒதுங்கின.
காற்று எங்கே குப்பை கூட்டுகிறதோ
அங்கே அயிரை கூடும்.
அயிரைக்குப் பின்னால் யார் வருவார்
சொல்ல வேண்டியதில்லை.
செந்தண்ணீர் நாக்கு நீட்டிப்
பழைய தண்ணீரைத் தொடுகிற கோட்டில்
தவளையை விழவிட்டு
வளையம் அடங்கும்வரை சும்மா இருந்து
ஓர் இழுப்பு. நிறுத்தம்.
பிறகு இன்னோர் இழுப்பு.
தண்ணீர் உடைந்ததும் பதறி வெட்டுகிறவன்
தவளையைத் தன் முகத்தில்தான் வாங்குவான்.
விரால் வாயை மூடி, தலையைத் திருப்பி,
நரம்பு நகர வேண்டும். அப்புறம்தான்.
இத்தனையும் தெரிந்து
ஏழரை மணிக்கு நான் வாங்கினேன், முகத்தில்.
எபனேசர் சிரித்த சிரிப்பில்
ஒரு கொக்கு இடம் மாறியது.

பிறகு அதைப் பார்த்தேன்.
மூன்றாவது உடைக்கும் நான்காவதுக்கும் நடுவில்
தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர்
சிவந்து கொதித்தது.
லோடு தாங்காமல் பழுத்த கம்பியின் நிறம்.
குஞ்சுகள்.
மூச்சுக்கு ஏறுவதும் இறங்குவதுமாய்.
அடியில் தாயும் தகப்பனும் நிற்கும்,
இரண்டு கிலோவுக்குக் குறையாது.

அதன்மேல் தவளை விழுந்தால்
பசி வேண்டாம், கோபம் போதும்.
மூன்றாம் எறிக்குள் கடித்துவிடும்.
குளத்தில் இதைவிட உறுதியான வித்தை இல்லை.
போன வருஷம் செய்திருக்கிறேன்.
குழம்பு நன்றாகத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
மறந்த சாவியை எடுக்கச்
சாயங்காலம் திரும்பிப் போனேன்.
ஜிலேபிக் கெண்டைகள் அங்கே
வட்டமடித்துக்கொண்டிருந்தன.
சிவப்பைக் காணோம்.

"அண்ணாச்சி, அங்கன ஏதும் அசையுதா?"

"முள்ளு" என்றேன்.
"அடியில பழைய கம்பிவேலி கெடக்கு.
எனக்கு ரெண்டு தவளை போச்சு."

ஒரு தவளை நூற்றெண்பது ரூபாய்.
அவர் உடனே நம்பினார்.
மறுகால் பக்கமாய் அவரை நடத்திக்கொண்டு போனேன்,
அங்கே ஒன்றும் இருக்காதென்று
நன்றாகத் தெரிந்தே.

பதினொரு மணிக்குக் காற்று செத்தது.
என் பையில் ஒரு துண்டு,
பாதி பிஸ்கட் பாக்கெட்.
எபனேசர் எட்டாவது முறையாகக் கொக்கியைக் கூர் பார்த்தார்.
உச்சிமாகாளி கரையிலிருந்து இறங்கவேயில்லை.
ஐம்பது ரூபாயின் தூரத்தில் நின்றபடி
கையை மட்டும் விரித்துக் கேட்டார்.
நானும் விரித்தேன்.

ஊர் விலக்கில்
உவரியிலிருந்து வரும் மீன் வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டு எதிர்ப்பட்டது.
சாளை, அரைக் கிலோ.
நிறுத்துக்கொண்டே மிக்கேல்
என் ராடைப் பார்த்தான்,
ரீலைப் பார்த்தான்.
தராசை இறக்கியபின்
ஐந்து மீன் கூடப் போட்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.